இடப்பக்கத்து வெளிச்சம்

எங்கள் வீட்டுக் கூடத்தில், சாப்பாட்டு மேசைக்கு எதிரே உள்ள சுவரில், ஒரு கடற்கரை ஓவியத்தின் அச்சுப் பிரதி தொங்குகிறது. சிங்கப்பூரின் பாசிர் ரிஸ்ஸில் இந்த அடுக்குமாடி வீட்டுக்குக் குடிவந்த மாதத்தில் என் கணவர் வாங்கிச் சட்டம் போட்டுக் கொண்டுவந்து மாட்டியது. அப்போது எங்கள் மகன் தொடக்கப்பள்ளியில் இருந்தான். இப்போது ஆஸ்திரேலியாவில், பெர்த்தில் இருக்கிறான். இடைப்பட்ட ஆண்டுகளில் நான் அதிக நேரம் உற்றுப் பார்த்த பொருள் எதுவென்று யாராவது கேட்டால், வேலையில் நுண்ணோக்கி, வீட்டில் இந்தப் படம் என்றுதான் சொல்வேன்.

ஓவியம் இந்த ஊரில் பலருக்கும் தெரிந்ததுதான். பழைய தலைமுறை ஓவியர் ஒருவர் இதே பாசிர் ரிஸ் கரையில் நின்று வடக்கே கடலைப் பார்த்து வரைந்தது. மூலப்படம் வெளிநாட்டில் ஒருவருடைய வீட்டில் இருந்ததால் நேரில் பார்த்தவர்கள் குறைவு. எங்களைப் போன்றவர்களுக்குப் பிரதிதான்.

எங்கள் சுவரில் உள்ளபடி அதைச் சொல்கிறேன். படத்தின் முக்கால் பங்கு சேறு. கடல் வற்றிய நேரம். சேற்றுக்குப் பழுப்பு நிறம் என்று நினைப்போம். ஓவியர் அதற்கு ஊதா கொடுத்திருக்கிறார், கத்தரிக்காய்த் தோலின் ஊதா. அதன்மேல் மெல்லிய மஞ்சள் பூச்சு. ஓர் ஓடை இடமிருந்து வலமாக வளைந்து கடலில் சேர்கிறது. நடுவே ஒரு படகு. இரு முனையும் ஒரே மாதிரி கூரானது, படகை மட்டும் பார்த்து அது எந்தப் பக்கம் போகிறதென்று சொல்ல முடியாது. படகில் நிற்பவன் துடுப்பை இடக்கையில் பிடித்தபடி கரையைத் திரும்பிப் பார்க்கிறான். காலடியில் எரியாத விளக்கு. தூரத்தில் கெலோங், கடலுக்குள் கம்பங்கள் நட்டுக் கட்டிய மீன்பிடி மேடை. படம் முழுவதிலும் நேர்க்கோடுகள் அந்தக் கம்பங்கள் மட்டுமே. அதற்கும் பின்னால் உபின் தீவின் மலை. கரையில் ஒரு பெண், இடுப்பில் காலிக் கூடை. அவள் கட்டியிருக்கும் சாரோங்தான் படத்தில் உள்ள ஒரே சிவப்பு. சூரியனை வரையவில்லை. வலப்பக்கத்திலிருந்து தாழ்வாக வெளிச்சம் மட்டும் வருகிறது.

வடக்கு நோக்கி நின்றால் வலது கை கிழக்கு. ஆகவே அது காலை. கெலோங்கில் விளக்கைக் காட்டி இரவில்தான் மீன் பிடிப்பார்கள். ஆகவே படகு திரும்பி வருகிறது. விடிந்துவிட்டதால் விளக்கை அணைத்திருக்கிறான். கரையைப் பார்ப்பவன் கண்ணில் வந்து சேரும் ஆவல். கூடை, மீன் வாங்கிப்போக. இப்படி ஒவ்வொன்றாகச் சேர்த்து, குடிவந்த முதல் ஆண்டிலேயே என் நாட்குறிப்பில் எழுதி வைத்தேன். சிறு வயதிலிருந்து நாட்குறிப்பு எழுதுகிறேன். பார்த்ததை வரிசையாக, காரணத்தோடு எழுதுவது எனக்குப் பழக்கம்.

இரண்டு விஷயங்கள் மட்டும் பொருந்தவில்லை. ஒன்று, அந்தப் பெண்ணுக்கு முன்னால், அவளுக்கும் தண்ணீருக்கும் நடுவே, சேற்றில் காலடித் தடங்கள் இருந்தன. இன்னும் தண்ணீர்ப்பக்கம் போகாதவளுக்கு முன்னால் ஏது தடம்? வேறு யாரோ நடந்தது என்று எழுதிக்கொண்டேன். இரண்டாவது, உபின் தீவின் மலை. எங்கள் கரையிலிருந்து நான் பார்க்கும் மேடுபள்ளமும் படத்தில் உள்ளதும் ஒத்துவரவில்லை. தீவில் காலகாலமாகக் கருங்கல் வெட்டி எடுத்தார்கள் அல்லவா, அதனால் மலையின் உருவம் மாறியிருக்கும் என்று எழுதினேன். எழுதியபோது மனத்துக்கு நிறைவாகக்கூட இருந்தது.

மகன் இடக்கைக்காரன். பள்ளியில் கத்தரிக்கோல் பிடிக்க வரவில்லை என்று அழுதுகொண்டு வந்த ஒருநாள் அவனைத் தூக்கி அந்தப் படத்துக்குப் பக்கத்தில் காட்டினேன். "பாரு, இந்த அங்கிளும் உன்ன மாதிரிதான்." அதற்குப் பிறகு படகுக்காரன் எங்கள் வீட்டில் ஓர் ஆள் ஆனான். "லெஃப்டி அங்கிள் வந்துட்டாரா?" என்று கேட்டுவிட்டுத்தான் பையன் பள்ளிக்குக் கிளம்புவான். "வந்துட்டே இருக்காருடா" என்று அப்பா பதில் சொல்வார்.

படம் வந்த சூழ்நிலையையும் சொல்ல வேண்டும். குடிவந்தபோது கணவருக்கு வேலை போயிருந்தது. அவருடைய உறவினர் ஒருவர் வாஸ்து பார்ப்பவர் ஒருவரைக் கூட்டிவந்தார். அந்த மனிதர் திசைகாட்டியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கழிப்பறை முதற்கொண்டு அளந்தார். கூடத்தில் தண்ணீர் உள்ள படம் ஒன்றை மாட்டுங்கள், ஆனால் தண்ணீர் வாசலைப் பார்த்துப் போகக்கூடாது, வீட்டுக்குள் வர வேண்டும் என்றார். நான் சிரித்துவிட்டேன். "கார்ப்பெட்ட நனைக்காம வந்தா சரி" என்றேன். கணவரும் சிரித்ததாகத்தான் ஞாபகம். அடுத்த சில வாரங்களில் படம் வந்தது. அருங்காட்சியகக் கடையில் வாங்கி, தேக்காக் கடைத்தெருவில் சட்டம் போட்டேன் என்றார். அந்த மாதமே அவருக்கு வேலையும் கிடைத்தது. நான் இரண்டையும் முடிச்சுப் போடவில்லை.

மகன் உயர்நிலைப்பள்ளிக்குப் போன பிறகு ஒரு தீபாவளிக்கு, தேக்காவில் நாங்கள் வழக்கமாக அரிசி வாங்கும் கடையில் இலவச நாட்காட்டி கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து பிரித்தால் அதே படம். கீழ்ப்பகுதியைத் தேதித்தாள்கள் மறைத்திருந்தன. ஆனால் எல்லாம் பக்கம் மாறியிருந்தது.

"என்னங்க, இங்க பாருங்களேன், படத்தத் திருப்பி அடிச்சிருக்காங்க."

அவர் காய்கறிப் பையைக் கீழே வைத்துவிட்டு வந்தார். "எங்க?"

"வெளிச்சம் இடப்பக்கம் இருக்கு பாருங்க. ஓடை அந்தப் பக்கம் போவுது. நம்ம ஆள வேற வலக்கைக்காரனா ஆக்கிட்டாங்க."

அவர் நாட்காட்டியைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். "ஆமா" என்றார். "ஓசிக் காலண்டர்ல வேற என்ன எதிர்பார்க்கிறே?"

"கடைக்காரர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்."

"அவரு அரிசி விக்கிறவரு. அவருகிட்டப் போய் வெளிச்சம் எந்தப் பக்கம்னு பாடம் எடுக்கப் போறியா? விடு." பிறகு நாட்காட்டியைச் சுருட்டிக்கொண்டு, "நானே கீழ போட்டுட்டு வந்துர்றேன்" என்று குப்பையைக் கீழே தள்ளும் குழாய்ப்பக்கம் போனார். அந்தச் சுறுசுறுப்பு எனக்குப் பிடித்திருந்தது. குப்பை போட அவரை எத்தனை முறை கெஞ்ச வேண்டும் என்று எனக்குத்தான் தெரியும்.

மகன் படிக்கப் பெர்த்துக்குப் போனான். படிப்பு முடிந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில், அங்கேயே வேலை கிடைத்துவிட்டது, அங்கேயே இருந்துவிடலாம் என்று நினைக்கிறேன் என்றான். நான் நல்லது என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டு மேசையில் தலைவைத்து அழுதேன். கணவர் தேநீர் போட்டுக் கொண்டுவந்தார். அவர் தேநீர் போடுவது அபூர்வம். அதை என் பக்கத்தில் வைத்துவிட்டுப் படத்துக்கு முன்னால் போய் நின்றார்.

"நீதானே சொல்லுவே, அந்தப் படகு திரும்பி வருதுன்னு. நம்ம லெஃப்டியும் வருவான். அவளப் பாரு, அழுதுகிட்டா நிக்கிறா? கூடையோட நிக்கிறா. வர்றவனுக்காகத்தானே?"

அன்று எனக்கு வேண்டியிருந்ததும் அதுதான். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் மகன் பேசி முடித்ததும் ஒருமுறை படகைப் பார்ப்பேன். ஒரு ஞாயிறும் தவறியதில்லை.

சென்ற ஆண்டு நான் ஓர் ஓவிய அருங்காட்சியகத்தில் தமிழ் வழிகாட்டியாகத் தொண்டு செய்யப் பயிற்சி எடுத்தேன். வாரநாளில் மருத்துவப் பரிசோதனைக்கூட வேலை, வார இறுதியில் இது. எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது எளிமையானது: படித்துவிட்டு வராதீர்கள், பார்த்துவிட்டு வாருங்கள், கண்ணில் பட்டதைச் சொல்லுங்கள், அது உங்களுக்குள் என்ன செய்தது என்று பிறகு சொல்லுங்கள். பயிற்சி முடியும் நேரத்தில் செய்தி வந்தது. அந்தக் கடற்கரை ஓவியத்தின் மூலப்படம் சில மாதங்களுக்கு இரவலாக இங்கே வருகிறது. தமிழில் யார் பேசுவது என்று கேட்டபோது நான் கையைத் தூக்கினேன். கண்காட்சி திறக்கும்வரை படத்தை எங்கும் வெளியிட உரிமையாளர் அனுமதிக்கவில்லை; ஓவியருடைய வாழ்க்கைக் குறிப்பை மட்டும் அனுப்பினார்கள். மற்றவர்கள் இணையத்தில் தேடினார்கள். வீட்டுச் சுவரில் இருப்பதை நான் எதற்கு இணையத்தில் தேட வேண்டும்? சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து பேச்சை எழுதினேன். எழுதியதைக் கணவரிடம் படித்துக் காட்டினேன். "கிழக்கு வெளிச்சம்" என்ற இடம் வந்தபோது அவர் கொஞ்சம் தண்ணீர் குடித்தார். "நல்லாருக்கு" என்றார். "ஆனா ரொம்ப நீளம். அந்த வெளிச்சம் பத்தியெல்லாம் சுருக்கிக்கலாமே." பிறகு, "இதையே பேசணுமா? வேற படம் எதுவும் இல்லையா?" என்றும் கேட்டார்.

வியாழக்கிழமை மாலை தொண்டர்களுக்கு மட்டும் கண்காட்சியைத் திறந்து காட்டினார்கள். எங்கள் ஒருங்கிணைப்பாளர் முப்பது வயதுக்கும் குறைந்த பெண், கலகலவென்று பேசுவாள். "அக்கா, உங்க பெயிண்டிங் கடைசி ரூம்ல, எண்ட் வால். போய்ப் பாருங்க, செம்ம சைஸ் லா" என்றாள்.

கடைசி அறைக்குள் நுழைந்ததும் எனக்கு முதலில் தோன்றியதை அப்படியே எழுதுகிறேன்: ஐயோ, இவர்களும் திருப்பி மாட்டிவிட்டார்களே. ஒருங்கிணைப்பாளரைக் கூப்பிட வாயைக்கூடத் திறந்துவிட்டேன். அப்புறம்தான் எண்ணெய் வண்ணத்தின் தடிப்பு கண்ணில் பட்டது. கத்தியால் இழுத்துவிட்ட ஊதாச் சேறு, விரல் கனத்துக்கு. கையால் வரைந்த படத்தை யாரும் இடவலமாகத் திருப்ப முடியாது. கீழ் மூலையில் ஓவியருடைய கையெழுத்து, நேரான எழுத்தில். எங்கள் பிரதியில் கையெழுத்தே கிடையாது. அடக்கமான மனிதர் போலும் என்று ஒருமுறை எழுதியிருக்கிறேன்.

வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து வந்தது. வடக்கு நோக்கி நின்றால் இடது கை மேற்கு. உபின் மலையின் மேடுபள்ளம் எங்கள் கரையிலிருந்து நான் தினமும் பார்க்கும் அதே மேடுபள்ளம். சாயங்காலம். விளக்கு இன்னும் ஏற்றப்படவில்லை. படகு போகிறது. அவன் திரும்பிப் பார்க்கிறான். அவள் தண்ணீர்வரை போய், கூடையில் இருந்ததைப் படகில் வைத்துவிட்டு, சேற்றில் நடந்து திரும்பி வந்து நிற்கிறாள். தடங்கள் அவளுடையவை. துடுப்பு அவனுடைய வலக்கையில்.

பக்கத்தில் பெயர்ச்சீட்டு. நாட்டின் நான்கு மொழியிலும் இருந்தது. தமிழில்: 'அந்தியில் புறப்பாடு'.

நுண்ணோக்கியில் தெரியும் உருவம் இடவலம் மாறித்தான் தெரியும். கண்ணாடித் துண்டை வலப்பக்கம் நகர்த்தினால் உருவம் இடப்பக்கம் ஓடும். வேலைக்கு வரும் புதியவர்களுக்கு முதல் நாள் நான் சொல்லிக்கொடுப்பது இதுதான்.

"அக்கா, ஓகேவா? மூஞ்சியே மாறிப்போச்சு."

"ஏசி குளிருதும்மா" என்றேன்.

அன்று இரவு வழக்கம்போல் அந்தப் படத்துக்கு எதிரே உட்கார்ந்து அவரோடு சாப்பிட்டேன். ஒன்றும் கேட்கவில்லை. எனக்குத் தெரியாதது ஒன்று மீதி இருந்தது: பிழை யாருடையது? அச்சிட்டவர்களோ சட்டம் போட்டவரோ தவறியிருக்கலாம். இவருக்கே தெரியாமல் இருந்திருக்கலாம். அப்படித்தான் இருக்க வேண்டும் என்று விரும்பினேன்.

வெள்ளிக்கிழமை விடுப்பு எடுத்தேன். சட்டத்தின் பின்பக்கத்தில் கடையின் ஒட்டுச்சீட்டு இருந்தது. தேக்காச் சந்தைக்கு அந்தப்பக்கம், பூமாலைக் கடைகளைத் தாண்டி ஒரு சந்தில் கடை இன்னும் இருந்தது. முன்னால் சாமி படங்கள், உள்ளே கல்யாண போட்டோக்கள். கடைக்காரர் என் கைப்பேசியில் ஒட்டுச்சீட்டின் படத்தைப் பார்த்தார்.

"நம்ம கடைதாங்க்கா. ரொம்பப் பழசு. ஏன், கண்ணாடி ஒடஞ்சிருச்சா?"

"இல்ல. படம் திரும்பி இருக்கு."

"கீழ விழுந்துருச்சா?"

"இடது வலது மாறியிருக்கு. நீங்க தப்பா அடிச்சிட்டீங்களோன்னு கேட்க வந்தேன்."

அவர் சிரித்தார். "என்ன படம்? கடலா, ஆறா?"

"ஓடை."

"அப்ப தப்பே இல்லக்கா. கேட்டுத்தான் திருப்பியிருப்பாங்க. வீட்டு வாசல் எந்தப் பக்கமோ அதுக்கு ஏத்த மாதிரி ஸ்கேன் பண்ணித் திருப்பி அடிச்சுக் கொடுப்போம். தண்ணி வெளிய போற மாதிரி மாட்டக்கூடாதுல்ல? சீனவங்க வந்தா மீனத் திருப்பு, குதிரையத் திருப்பும்பாங்க. நம்மாளுங்களுக்குத் தண்ணி. ஒருத்தரு அருவிய மேல ஏத்த முடியுமான்னு கேட்டாரு, முடியாது சார்னுட்டேன்."

"கையெழுத்து இருந்திருக்குமே?"

"அது கோணலா தெரியும்ல, அசிங்கமா இருக்கும். அதனால சுத்தி வைக்கிற அட்டைய ரெண்டு இஞ்ச் ஏத்தி வெட்டி மறைச்சிருவோம். கீழ பேரு அச்சிட்டிருந்தா அதுவும் போயிரும்."

"வாங்க வந்தவருக்கு அது தெரியுமா?"

"பேரப் படிச்சுக் காட்டி, சார் இது போயிரும், ஓகேவான்னு கேட்காம வெட்டவே மாட்டேன். அப்புறம் சண்டைக்கு வந்துருவாங்கல்ல?" அவர் மேசையில் இருந்த அளவுநாடாவை எடுத்தார். "இப்ப என்னக்கா, வீடு மாறுறீங்களா? புது வீட்டுல வாசல் எந்தப் பக்கம்?"

கணவர் ஆறரைக்கு வீட்டுக்கு வந்தார். கண்காட்சியில் கொடுத்த விளம்பரத்தாளை அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன். மேலே படம், அடியில் பெயர். அவர் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்து தாளைப் பார்த்தார். சுவரைப் பார்க்கவில்லை. அந்த இடத்திலேயே எனக்கு விடை கிடைத்துவிட்டது. தெரியாதவர் சுவரைப் பார்த்திருப்பார்.

"எப்பத் தெரிஞ்சுது?" என்றார்.

"நேத்து."

"நேத்தா? அப்ப ராத்திரி சாப்பிடும்போது தெரியுமா? என்கிட்டச் சொல்லியிருக்கலாமே."

சொன்ன பிறகு அது அவர் காதிலேயே விழுந்திருக்க வேண்டும். தோசையைப் பிய்த்துக்கொண்டே இருந்தார், வாயில் வைக்கவில்லை.

"நீ சிரிச்சே" என்றார் பிறகு. "அந்த ஆளு முன்னாடியே சிரிச்சே. கார்ப்பெட்டு நனையும்னே. நான் அப்ப வேலையில்லாம தினம் உன் முகத்தப் பார்த்துட்டு உக்காந்திருந்தேன். உனக்கு அது ஜோக்கு. சொன்னா மாட்டவிட்டிருப்பியா?"

"விட்டிருக்க மாட்டேன்."

"அதான். மாட்டின மாசமே வேலை கெடச்சுது."

"இண்டர்வியூக்குப் போனீங்க, கெடச்சுது."

"ரெண்டும்தான்னு வெச்சுக்கோயேன்."

அதுவரைக்கும் எனக்குக் கோபம் பெரிதாக இல்லை. வேலை இல்லாத ஒருவர் எதையாவது பிடித்துக்கொள்வார். அது அவருக்கும் சுவருக்கும் இடையில் உள்ளது. என் சிரிப்பு அவருக்கு வலித்திருக்கிறது என்பதையும் ஒத்துக்கொண்டேன்.

"காலண்டர்?" என்று கேட்டேன்.

"எந்தக் காலண்டர்?"

"நீங்களே குப்பையில கொண்டுபோய்ப் போட்டது."

"அது... நீ அவ்வளவு உறுதியா பேசினே. நடுவுல எப்படிச் சொல்றது?"

"படத்தோட பேரு படிச்சீங்களா?"

அவர் தோசையை இன்னும் சிறிதாகப் பிய்த்தார்.

"கடைக்காரர் படிச்சுக் காட்டாம வெட்ட மாட்டாராம். காலையிலதான் கேட்டுட்டு வந்தேன்."

"தேக்காவுக்கே போயிட்டியா?" என்றார். தாளைத் தள்ளி வைத்துவிட்டு, "படிச்சேன்."

"பையன் அங்கயே இருக்கேன்னு சொன்ன அன்னைக்கு, டீ போட்டுக் கொண்டுவந்து, படகு திரும்பி வருதுன்னு சொன்னீங்களே. அப்ப அந்தப் பேரு ஞாபகம் இருந்துச்சா?"

இல்லை என்று சொல்வார் என்று காத்திருந்தேன். சொல்லியிருந்தால் ஏற்றுக்கொண்டிருப்பேன்.

"இருந்துச்சு" என்றார். "வேற என்னத்தச் சொல்றது நான்? நீ அழுதுட்டு இருந்தே."

படத்தைத் திருப்பியது ஒருநாள் வேலை. இது அப்படியில்லை. போகிற படகு என்று தெரிந்துகொண்டே, என்னுடைய வாக்கியத்தை எடுத்து என்னிடமே நீட்டினார். அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நான் தொலைபேசியை வைத்துவிட்டுச் சுவரைப் பார்ப்பதை அவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் ஆறுதல் என்று எழுதி வைத்த மாலைகளில் எல்லாம் அந்த மேசையில் நான் மட்டும்தான் ஏமாந்த ஆள். எழுந்துபோய்ச் சட்டினிக் கிண்ணத்தைக் கழுவினேன். அது சுத்தமான பிறகும் கழுவிக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பேச்சு. எழுதியதில் வண்ணங்களைப் பற்றிய பகுதி மட்டும் தேறியது. மற்றதைக் கிழித்துவிட்டு வெறுங்கையோடு படத்துக்கு முன்னால் நின்றேன். இருபது பேர் இருந்திருப்பார்கள். பணி ஓய்வு பெற்றவர்கள், பிள்ளைகளோடு வந்த ஒரு குடும்பம், விடுமுறை நாளில் வந்த கப்பல்பட்டறைத் தொழிலாளர்கள் நான்கைந்து பேர். கணவர் கடைசியில், கதவோரமாக நின்றார். வரச் சொல்லவில்லை, வர வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

சேற்றின் ஊதாவைச் சொன்னேன். வானம் இவ்வளவு குறைவாக இருப்பதால் நாமே சேற்றில் நிற்பதுபோல் இருக்கிறது பாருங்கள் என்றேன். ஒரே ஒரு சிவப்பு எங்கே என்று கேட்டதும் பிள்ளைகள் கத்தினார்கள். பிறகு வெளிச்சத்துக்கு வந்தேன்.

ஓய்வு பெற்ற ஒருவர் கையைத் தூக்கினார். "ஏம்மா, சூரியன் இந்தப் பக்கம் இருந்தா என்ன, அந்தப் பக்கம் இருந்தா என்ன? படம் ஒண்ணுதானே?"

சிலர் சிரித்தார்கள். கதவோரம் நின்றவர் தரையைப் பார்த்தார்.

"இருந்துட்டுப் போகட்டும்னுதான் தோணும், ஐயா" என்றேன். "ஆனா நாம நிக்கிறது வடக்குப் பார்த்து. வெளிச்சம் இடப்பக்கம்னா அது மேற்கு. அப்ப இது சாயங்காலம். கெலோங்குக்கு ராத்திரி வேலைக்குப் போறவன் இப்பத்தான் கிளம்புறான். அந்தப் பொண்ணுக்கு முன்னாடி இருக்கிற தடத்தப் பாருங்க. அவ தண்ணி வரைக்கும் போய் வழியனுப்பிட்டுத் திரும்பி வந்து நிக்கிறா. வெளிச்சத்த அந்தப் பக்கம் மாத்திட்டா அதே ஆளு வீட்டுக்கு வர்றவனா தெரிவான். அவ காத்துட்டு நிக்கிற மாதிரி இருக்கும். கோடு, நிறம் எதுவும் மாறாது. ஆனா பொய்."

பேச்சில் நான் அப்படி ஒரு சொல்லைப் போட நினைக்கவில்லை. முன்வரிசையில் நின்ற வயதான அம்மா ஒருவர் படத்தை நெருங்கிப் பார்த்துவிட்டுக் கேட்டார், "அவன் திரும்பி வருவானாம்மா?"

"படத்துல அது இல்லம்மா" என்றேன். சொல்லும்போது குரல் சரியாகவே இருந்தது.

"போ, நல்ல படமா ஒண்ணு காட்டும்மா" என்றார் அவர். எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த அறைக்கு அழைத்துப்போனேன்.

திரும்பும்போது ரயிலில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து வந்தோம். தானா மேரா நிலையம் தாண்டியதும் அவர், "நல்லா பேசினே" என்றார். அந்த 'நல்லா' அவர் எத்தனையோ ஆண்டுகளாக என்னிடம் சொல்லிவரும் சொல். புதுப் புடவைக்கு, குழம்புக்கு, நான் படித்துக்காட்டிய பக்கங்களுக்கு. அன்று அதைக் கேட்டதும் அதை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன்.

மாலையில் மகன் பேசினான். அங்கே குளிர் தொடங்கிவிட்டது என்றான். பேச்சு எப்படி நடந்தது என்று கேட்டான். நன்றாக நடந்தது என்றேன். லெஃப்டி அங்கிளைப் பற்றி அவனிடம் ஒன்றும் சொல்லவில்லை. தொலைபேசியை வைத்துவிட்டுத் திரும்பினால், கணவர் படத்துக்குக் கீழே நாற்காலியைப் போட்டுக்கொண்டு நின்றார்.

"எடுத்துரட்டுமா?"

"வேண்டாம்."

"கடையில கொடுத்துச் சரியா அடிச்சு மாட்டிரலாம்."

"அப்புறம் தண்ணி வெளிய போயிருமே."

அவர் சிரிக்கலாமா என்று என் முகத்தைப் பார்த்தார். நான் சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்து மேசையருகே போட்டு உட்கார்ந்தார்.

"அப்ப என்னதான் செய்யச் சொல்றே?"

"இத்தனை வருஷமா நான்தான் பார்த்துப் பார்த்துச் சொல்லிட்டு இருந்தேன். நீங்க ஒருநாள்கூடச் சொன்னதில்ல. உங்களுக்கு இதுல என்ன தெரியுது? அத மட்டும் சொல்லுங்க."

அவர் படத்தை வெகுநேரம் பார்த்தார். அப்படி அவர் பார்த்து நான் கண்டதில்லை.

"உண்மையச் சொல்லவா?" என்றார். "எனக்கு இந்தப் படம் ஒருநாளும் பிடிச்சதில்ல. சாப்பிடும்போது எதிர்ல இவ்வளவு சேறு. அந்தப் பொண்ணு வேற, எப்பப் பார்த்தாலும் யாரையோ குறை சொல்ற மாதிரி நிக்கிறா."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குடிவந்த நாளிலிருந்து அந்தப் படத்தைப் பற்றி அவர் என் பேச்சுக்கு எதிராகச் சொன்ன முதல் வார்த்தை. இப்படி ஒன்றை அவர் வாயிலிருந்து கேட்க நான் எவ்வளவு ஏங்கியிருக்கிறேன் என்று அந்த நிமிடம்தான் தெரிந்தது. அது அவருக்கும் தெரிந்திருக்கும். எனக்கு எப்போது எது வேண்டும் என்பது அவருக்கு எப்போதும் தெரியும்.

"நிஜமாவா?" என்று கேட்டேன்.

அவர் சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஆமா" என்றார். நாட்காட்டியைப் பார்த்து அன்று சொன்ன அதே குரலில்.